மேய்ப்பர் இருவர், மாண்டது மந்தை!

ஓடிகோலனை அறியாத வீடு நம் நாட்டிலே குறைவு. தலைவலி என்றால் கைக்குட்டையிலே நான்கு துளி. காய்ச்சல் என்றால் நெற்றியிலே நனைத்த துணி. குப்பியைத் திறந்தால் குளிர்ச்சி பரவும், மணம் கமழும். அந்த மணநீருக்குப் பெயர் கொடுத்த ஊர் கொலோன். ஜெர்மனி நாட்டிலே, ரைன் ஆற்றங்கரையிலே, விண்ணை முட்டும் இரட்டைக் கோபுரத் தேவாலயத்தோடு நிற்கும் பெருநகரம் அது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே குடியேறிய இத்தாலிய வணிகக் குடும்பம் ஒன்று அந்த மணநீரை உலகுக்கு அளித்தது.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அந்நகரைச் சூழ்ந்த சிற்றூர்களிலே வீசியது வேறு வாடை! வெடிமருந்தின் வாடை, கூரை எரிந்த புகையின் வாடை, களத்து மேட்டிலே கருகிய தானியத்தின் வாடை. 1583-இல் மூண்டு 1588 வரை எரிந்த அந்தப் போருக்கு வரலாற்றாசிரியர்கள் 'கொலோன் போர்' என்று பெயரிட்டுள்ளனர். ஒரே பேராயர் பீடத்துக்கு இரண்டு பேராயர்கள் உரிமை கொண்டாடினர். இருவர் கையிலும் மேய்ப்பனின் கோல். இருவர் நாவிலும் ஏசுநாதரின் பெயர். ஆயர் என்ற சொல்லுக்குத் தமிழிலே மந்தை மேய்ப்பவர் என்று பொருள். திருச்சபைத் தலைவருக்கும் அதே பெயரைத்தான் நாம் வழங்குகிறோம். மந்தைக்காக மேய்ப்பன் உயிர் துறக்க வேண்டும் என்பது அவர்கள் ஓதிய மறை. மேய்ப்பருக்காக மந்தை உயிர் துறந்தது என்பது அவர்கள் எழுதிய வரலாறு!

அந்த வரலாற்றை ஏன் இன்று கிளற வேண்டும் என்று கேட்பவர் இருக்கலாம். இதனைப் பற்றி எழுதுவோர் ஒருவர் காதல் கதை என்கிறார். மற்றொருவர் விசுவாசம் காத்த வீரக்கதை என்கிறார். வேறொருவர் விடுதலைக்காகப் போராடி வீழ்ந்தவரின் சோகக்கதை என்கிறார். எரிந்த குடிசைக்காரனின் கதை என்று சொல்வார் அரிதாக உள்ளனர். அந்தக் குறையைச் சுட்டிக்காட்டவே இக்கட்டுரை.

கோலும் வாளும் ஒரே கையில்

கொலோன் பேராயர் வெறும் சமயத் தலைவர் அல்லர்; நாடாளும் மன்னர். ரைன் ஆற்றின் இரு மருங்கிலும் நிலம். கிழக்கே வெஸ்ட்பாலியாவிலே ஒரு கோமகனாட்சி. அதற்கு அருகே ரெக்லிங்ஹௌசன் பகுதி. வரி விதிக்கும் உரிமை, வழக்குத் தீர்க்கும் உரிமை, ஆற்றிலே செல்லும் படகுகளிடம் சுங்கம் பெறும் உரிமை, படை திரட்டும் உரிமை, அத்தனையும் அவருக்கு உண்டு. பாவ மன்னிப்பு வழங்கும் கரமே தண்டனையும் வழங்கும்.

இதற்கும் மேலான ஓர் உரிமையும் அவருக்கு இருந்தது. ஜெர்மானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் 1356-ஆம் ஆண்டுச் சாசனப்படி ஏழே பேர் கையில் இருந்தது. மைன்ஸ், டிரியர், கொலோன் ஆகிய மூன்று ஊர்ப் பேராயர்கள். பொகீமியா, பலாட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆகிய நான்கு நாட்டு ஆட்சியாளர்கள். இந்த எழுவரில் பலாட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆகிய மூன்றும் சீர்திருத்த சமயத்தைத் தழுவிவிட்டன. மிஞ்சிய நான்கும் கத்தோலிக்கம். ஒரே ஒரு பேராயர் பக்கம் மாறினால் போதும். நான்கு மூன்றாகும், மூன்று நான்காகும். பேரரசின் மணிமுடியே இடம் பெயரக்கூடும்! கொலோன் பீடத்தின் மீது ரோமாபுரியும் மாட்ரிட்டும் மியூனிச்சும் விழி வைத்திருந்தது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அந்தப் பீடத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுத்தது யார்? ஊராரா? உழவரா? ஞாயிறுதோறும் மண்டியிட்ட மக்களா? இல்லை. தேவாலயப் பேரவை உறுப்பினர் இருபத்து நால்வர். அவர்களிலே பதினாறு பேர் உயர்குலக் கோமான்கள். குலப்பெருமையை மெய்ப்பித்தால்தான் அந்த நாற்காலி கிடைக்கும். மீன்பிடித்தவரைத் தலைமைச் சீடராகக் கொண்ட சமயம், தன் பெரிய பீடத்துக்கு வாக்களிக்க மீனவன் மகனுக்கு அங்கே இடம் வைக்கவில்லை!

குடிமகனின் கடவுளைக் கோமகன் தீர்மானித்தான்

1555-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரிலே கத்தோலிக்க மன்னரும் லூதர் வழி மன்னரும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். நாட்டை ஆள்பவன் எந்தச் சமயமோ, அதுவே நாட்டின் சமயம். உடன்படாத குடிகள் உடைமையை விற்றுவிட்டு வேற்றூர் போகலாம். இதற்குச் 'சமய சமாதானம்' என்று பெயர்! ஆள்பவன் மதம் மாறினால் ஊரே மாற வேண்டும். அவன் மகன் திரும்ப மாறினால் ஊரும் திரும்ப மாற வேண்டும். கால்வின் வழியினருக்கோ அந்த உடன்படிக்கையிலே இடமே இல்லை. உழவனுக்கு நிலம் அவன் எடுத்துச் செல்லக்கூடிய மூட்டையா? முப்பாட்டன் நட்ட திராட்சைக் கொடியைத் தோளிலே போட்டுக்கொண்டு அடுத்த நாட்டுக்கு நடப்பானா? கோமான்கள் கையெழுத்திட்ட தாளிலே இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

அந்த உடன்படிக்கையிலேயே ஒரு விலக்கும் வைத்தனர். ஆயராக இருந்து ஆள்பவர் கத்தோலிக்கத்தை விட்டு விலகினால், பதவியையும் நிலத்தையும் விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அது. சீர்திருத்தத் தரப்பார் அதனை மனமார ஏற்கவே இல்லை. வெடிமருந்தைக் கிடங்கிலே அடுக்கிவிட்டு, கதவின் மேலே 'சமாதானம்' என்று எழுதி வைத்தனர். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கொலோனிலே தீப்பொறி விழுந்தது.

பெண் மீது பழி

1577-ஆம் ஆண்டு பேராயர் தேர்தல். ஒருபுறம் கெபார்டு; சுவாபியா நாட்டு ட்ரக்செஸ் குடும்பத்துக் கோமகன். மறுபுறம் எர்ன்ஸ்டு, பவேரியா மன்னர் குடும்பத்து இளவரசர். இரண்டே வாக்கு மிகுதியால் கெபார்டு வென்றார். பின்னர் அவர் ஆக்னஸ் என்ற பெண்மணி மீது காதல் கொண்டார். மான்ஸ்பெல்டு கோமான் குடும்பத்தவர், கெரஸ்ஹைம் மடத்தைச் சார்ந்தவர், சமயத்தால் புராட்டஸ்டண்டு. 1582 டிசம்பரில் கெபார்டு தம் மதமாற்றத்தை அறிவித்தார். 1583 பிப்ரவரி 2-ஆம் நாள் பான் நகரிலே ஆக்னஸை மணந்தார். பீடத்தை மட்டும் விடவில்லை.

'பார்த்தீர்களா! ஒரு பெண்ணால் வந்த வினை!' என்று எழுதினார்கள் பலர். எந்த நாட்டிலும் ஆண்கள் மூட்டிய தீக்குப் பெண்ணின் பெயரைச் சூட்டுவது பழைய வழக்கம். உண்மை என்ன? கெபார்டுக்கு முன்பு அதே பீடத்தில் இருந்தவர் சாலன்டின். அவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார். 1577-இல் பதவியைத் துறந்தார், மணந்தார். ஒரு குடிசையும் எரியவில்லை. ஒரு குழந்தையும் அனாதையாகவில்லை. மணம்தான் போருக்குக் காரணம் என்றால் அன்றே அல்லவா மூண்டிருக்க வேண்டும்!

எதிரணி எர்ன்ஸ்டையும் பார்ப்போம். பதினொன்று பன்னிரண்டு வயதிலேயே, 1566-இல், பிரைசிங் ஆயர் பதவி அவருக்கு வந்துவிட்டது. பிறகு ஹில்டஸ்ஹைம், 1581-இல் லீஜ், 1583-இல் கொலோன், 1585-இல் மூன்ஸ்டர். ஐந்து மந்தைகளுக்கு ஒரு மேய்ப்பர்! ஒருவர் பல ஆயர் பதவிகளை வகிக்கக்கூடாது என்று 1563-இல் முடிவுற்ற டிரெண்ட் பேரவையிலே திருச்சபை தானே விதி வகுத்திருந்தது. பவேரியக் குடும்பத்துக்காக அந்த விதி வளைந்தது. மணவாழ்வை மறுக்கும் அங்கியை அணிந்த எர்ன்ஸ்டுக்கும் துணைவி உண்டு, மக்களும் உண்டு. மணச்சடங்கு மட்டும் இல்லை. வெளிப்படையாக மணந்தவர் மதத்துரோகி. மணக்காமலே குடும்பம் நடத்தியவர் மதத்தின் காவலர்! ஆகவே, சண்டை கற்புக்காக அன்று, காதலுக்காகவும் அன்று. பதவியைக் கைவிட மறுத்தவருக்கும் பதவியைக் கைப்பற்ற முனைந்தவருக்கும் நடந்த போர் அது.

கோட்டை வெடித்தது, கூரை எரிந்தது

1583 ஏப்ரலில் போப்பாண்டவர் 13-ஆம் கிரிகோரி, கெபார்டைப் பதவி நீக்கினார். நம் வீட்டுச் சுவரிலே தொங்கும் நாட்காட்டிக்குப் பெயர் தந்தவர் இவரே. மே மாதம் எர்ன்ஸ்டு பேராயராக்கப்பட்டார். இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன என்பது நம்மவர் பழமொழி. இருவரும் ஒரே வேளையில் ஒரே ஊரை ஆள முனைந்தால் என்ன ஆகும்? கொலோன் நாட்டுச் சிற்றூர்கள் அதனைக் கண்டன.

எர்ன்ஸ்டின் பக்கம் பவேரியப் படை. அவர் உடன்பிறந்தவர் பெர்டினாண்டு படைத்தலைவர். கெபார்டின் பக்கம் பலாட்டினேட் இளவரசர் ஜான் காசிமிர் கூலிப்படையோடு வந்தார். அக்டோபரில் தம் அண்ணன் இறந்த செய்தி கேட்டதும் தம் நாட்டு அரசியலைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். சமயம் காக்க வந்தவர் சொத்துக் காக்கப் போய்விட்டார்! கொலோனுக்கு எதிர்க்கரையில் இருந்த டொய்ட்ஸ் அவ்வாண்டிலே எரிந்தது; அங்கிருந்த பழம்பெரும் மடமும் அழிந்தது.

பான் நகருக்குத் தெற்கே குன்றின் மேலே கோடஸ்பெர்க் கோட்டை. 1210-இல் கொலோன் பேராயர் ஒருவரே எழுப்பியது. நவம்பரிலே பெர்டினாண்டு அதனை முற்றுகையிட்டார். பீரங்கி சுட்டும் பயனில்லை. பாறையைக் குடைந்தனர்; சுரங்கத்திலே சுமார் 1500 பவுண்டு வெடிமருந்தைத் திணித்தனர். டிசம்பர் 17-ஆம் நாள் தீ வைத்தனர். கோட்டையின் ஒரு பகுதி வானிலே பறந்தது. உள்ளே இருந்த காவலரில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பேராயர் கட்டிய கோட்டையைப் பேராயருக்காகப் பேராயரின் உடன்பிறந்தவர் தகர்த்தார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எட்டே நாள் இருந்தது!

1584 சனவரியிலே பான் வீழ்ந்தது. காவற்படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. சம்பளம் இல்லாத படை நகரை விலைக்கு ஒப்புவித்தது. கெபார்டு டச்சு நாட்டுக்குத் தப்பினார். போர் முடிந்ததா? இல்லை. தலைவர் ஓடினாலும் தளபதிகள் ஓடவில்லை. 1585 மே மாதத்திலே அடால்ப் நொய்னார் கோமகன் கெபார்டு பெயரால் நாய்ஸ் நகரைக் கைப்பற்றினார். மார்ட்டின் ஷெங்க் என்ற தளபதி நேற்று வரை ஸ்பெயினுக்குப் போரிட்டவர். 1585-இல் கட்சி மாறிக் கெபார்டுக்குப் போரிட்டார். எந்தக் கடவுள் உண்மையானவர் என்ற ஆராய்ச்சியில் விளைந்த மாற்றம் அன்று அது!

1586 மார்ச்சிலே இந்த ஷெங்க்கும் க்ளோட் என்ற தளபதியும் வெஸ்ட்பாலியாவிலே புகுந்தனர். ரெக்லிங்ஹௌசன் பகுதியைச் சூறையாடினர். வெர்ல் என்பது உப்பு விளையும் ஊர். உப்பு வண்டிகள் வருவதும் போவதும் அங்கே வழக்கம். அந்த வண்டிகளிலே வீரரை ஒளித்து வைத்து, உப்பினால் மூடி, வாயிலைக் கடந்தனர். ஊரைக் கொள்ளையிட்டனர், ஊர்த்தலைவர்களைப் பிணையாகக் கொண்டு சென்றனர். உணவுக்கு உரமாகும் உப்பையும் வஞ்சகத்துக்குப் போர்வையாக்கிய திறம் காணீர்!

எர்ன்ஸ்டு சும்மா இருந்தாரா? ஸ்பெயினின் பெருந்தளபதி, பார்மா கோமகன் அலெக்சாந்தர் பர்னீசேயை அழைத்தார். தம் நாட்டு மக்கள் மீது அயல்நாட்டுப் படையை ஏவினார். 1586 சூலை 26-ஆம் நாள் நாய்ஸ் நகர் வீழ்ந்தது. காயமுற்றுப் படுக்கையில் கிடந்த க்ளோட்டைச் சன்னலிலே தூக்கிலிட்டனர். வீரர் வாளுக்கும் தீக்கும் இரையாகி நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. சாம்பல் ஆறுவதற்குள், அந்நகருக்கு வெளியே ஒரு விழா நடந்தது. போப்பாண்டவர் 5-ஆம் சிக்ஸ்டஸ் மந்திரித்து அனுப்பிய வாளும் தொப்பியும் பர்னீசேக்கு அணிவிக்கப்பட்டன. வெந்த ஊரின் வாயிலிலே வாளுக்கு ஆசீர்வாதம்! இதற்கு மேல் நாம் விளக்கம் எழுத வேண்டுமா?

எரிக்காமல் இருப்பதற்கு விலை

நகரங்களுக்காவது மதில் உண்டு, முற்றுகைக்கு நாள் உண்டு, வரலாற்றிலே இடமும் உண்டு. சிற்றூருக்கு என்ன உண்டு? வேலி உண்டு, நாய் உண்டு, வைக்கோற்கூரை உண்டு.

அக்காலப் படைகளுக்கு ஒழுங்கான சம்பளம் இல்லை. சம்பளத்தை ஊரிலிருந்து எடுத்துக்கொள்வதே நடைமுறை. அதற்கு ஒரு முறையும் வகுத்திருந்தனர். படைத்தலைவனிடமிருந்து ஊருக்கு ஓலை வரும்: இவ்வளவு பணம், இவ்வளவு தானியம், இன்ன நாளுக்குள் வரவேண்டும், வராவிட்டால் தீ. எரிக்காமல் இருப்பதற்குக் கப்பம்! ஜெர்மன் மொழியிலே இதற்குத் தனிச்சொல்லே உண்டு. ஊரார் பானையை உடைத்து, பெட்டியைத் திறந்து, பசுவை விற்றுப் பணம் கட்டுவர். மறுவாரம் மற்றப் படையின் ஓலை வரும்: எதிரிக்குக் கட்டினாயே, எங்களுக்கு ஏன் கட்டவில்லை? கட்டினால் துரோகி, கட்டாவிட்டால் பகைவன். ஒரே ஊர் இரண்டு கருவூலங்களுக்குக் கப்பம் கட்டியது. கட்டிய பிறகும் கூரை மிஞ்சும் என்பதற்கு உறுதி இல்லை.

மாட்டை ஓட்டிச் சென்றால் அடுத்த ஆண்டு ஏர் இல்லை. விதைநெல் போன்ற விதைத் தானியத்தைப் படைக்குதிரை தின்றால் அடுத்த அறுவடை இல்லை. திராட்சைக் கொடியை வெட்டி அடுப்பெரித்தால், புதுக்கொடி காய்க்க ஆண்டுகள் ஆகும். ஆகவே போர்வீரன் ஒரு நாளிலே தின்றது உழவன் ஐந்தாண்டு உழைப்பை. கோட்டை தகர்ந்தால் ஓவியன் செப்புத்தகட்டிலே படம் செதுக்குவான். கொட்டில் எரிந்தால் யார் செதுக்குவார்?

1586 சூலை 3-ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். வழிப்பறிக்கு அஞ்சித் தனித்தனியே செல்லாமல் ஆயிரம் பேர் அளவிலே ஒன்று திரண்டு, காவலோடு, கொலோன் நகரை நோக்கி நடந்தனர் எளிய மக்கள். நகரத்தின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவு. யுங்கர்ஸ்டார்ப் என்ற சிற்றூர் அருகே படைவீரர் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்கள் கையிலே பீரங்கி இல்லை. பீடத்துக்கு உரிமை கோரும் பத்திரமும் இல்லை. கொலோன் நகரமன்றத்தைச் சார்ந்த ஹெர்மன் வைன்ஸ்பெர்க், நம் புதுவை ஆனந்தரங்கம் பிள்ளையைப் போல ஆண்டுக்கணக்கிலே நாட்குறிப்பு எழுதியவர். அந்தக் காலத்து அச்சத்தையும் விலையேற்றத்தையும் அவர் ஏடுகளிலே காணலாம். படித்த நகரவாசி ஒருவர் எழுதி வைத்ததால் அவ்வளவு தெரிகிறது. எழுத்தறியாத ஊர்களின் துயரம் ஊரோடு எரிந்தது.

கொலோன் நகரம் மட்டும் தப்பியது எப்படி? அந்த நகரம் பேராயருக்குச் சொந்தமன்று! 1288-இல் வோரிங்கன் களத்திலே நகரத்தாரும் பெர்க் நாட்டு உழவரும் சேர்ந்து நின்று அன்றைய பேராயரின் படையை முறியடித்தனர். அன்று முதல் பேராயர் பான் நகரிலும் ப்ரூலிலும் இருந்து ஆண்டாரே தவிர, கொலோனை ஆள முடியவில்லை. நகரத்தார் கத்தோலிக்கரே, புராட்டஸ்டண்டுகளுக்கு அவர்களும் இடம் கொடுக்கவில்லை. அந்தக் குறையை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஒரு பாடம் பளிச்சிடுகிறது: மேய்ப்பரின் ஆட்சியை மூன்று நூற்றாண்டுக்கு முன்பே விலக்கிய நகரம் மதிலுக்குள்ளே பிழைத்தது, மேய்ப்பரை நம்பியிருந்த ஊர்கள் மேய்ப்பரால் வெந்தன.

அவர்கள் கூறும் சமாதானம்

கெபார்டின் அன்பர்கள் கூறுவர்: 'அவர் 1583 சனவரியிலேயே தம் குடிகளுக்குச் சமய உரிமை அறிவித்தார், இரு சமயமும் சமமாக வாழலாம் என்றாரே!' ஆம், அறிவித்தார். அந்த அறிவிப்பு நல்லது என்பதை மறுக்க மாட்டோம். ஆனால், அதே கையால் அரியணையை இறுகப் பற்றிக்கொண்டார். குடிமகனின் உரிமையை அரசனின் பதவிக்கு முட்டுக்கொடுக்கும் தூணாக்கினார். அவர் பெயரால் ஷெங்க் புகுந்த ஊர்களிலே எந்தச் சமயத்தாரின் பசு மிஞ்சியது? உரிமை என்பது தாளிலே எழுதிய வரி அன்று. அச்சமின்றி உறங்கும் இரவு.

எர்ன்ஸ்டின் அன்பர்கள் கூறுவர்: 'சட்டம் அவர் பக்கம், விதியை மீறியவர் கெபார்டு.' சட்டம் எதற்கு? மக்கள் வாழ்வதற்கா, பீடம் நிலைப்பதற்கா? ஒரு விதியைக் காக்க நாய்ஸ் நகரை எரித்தவர்கள், ஒரே ஆளுக்கு ஐந்து ஆயர் பதவி கொடுத்தபோது விதியை எங்கே வைத்திருந்தனர்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் இது.

வேறு சிலர் பெருமூச்சு விடுவர்: 'காலம் அப்படி! அன்றைய மனிதருக்கு வேறு எண்ணம் தோன்றாது.' தோன்றியதே! 1554-இல் பாசல் நகரிலே செபாஸ்டியன் காஸ்டெல்லியோ, மாற்றுக் கருத்துடையோரைக் கொல்வது தகாது என்று நூல் வெளியிட்டார். 1573-இல் போலந்து நாட்டுப் பிரபுக்கள் வார்சாவிலே கூடி, சமய வேற்றுமைக்காக இரத்தம் சிந்துவதில்லை என்று உறுதி பூண்டனர். கொலோனுக்கு அண்டை நாடான கிளீவ்ஸிலே கோமகனின் மருத்துவர் ஜான் வையர், சூனியக்காரி என்று பெண்களை எரிப்பதைக் கண்டித்து 1563-இலேயே எழுதினார். அறிவு இருந்தது, அதைக் கேட்டால் ஆதாயம் இல்லை, ஆகவே கேட்கவில்லை. காலத்தின் மீது பழி போடுவது குற்றவாளிகளைத் தப்பவிடும் குறுக்கு வழி.

கணக்குப் பார்ப்போம்

1587 டிசம்பரிலே ஷெங்க் பான் நகரை மீண்டும் பிடித்தார். 1588 செப்டம்பரிலே ஸ்பானியப் படை திரும்பப் பிடித்தது. ஐந்தாண்டுக்குள் ஒரே நகரம் மூன்று முறை கைமாறிற்று. வடக்கே ரைன்பெர்க் 1590-இல் ஸ்பானியர் வசமாயிற்று. பிறகு?

கெபார்டு 1589-இல் உரிமையைக் கைவிட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்றார். அங்கே தேவாலயப் பேரவையிலே அவருக்கு ஒரு பதவி ஏற்கெனவே இருந்தது. 1601-இல் இறந்தார், அந்நகரத்துப் பெருங்கோயிலிலே அடக்கம். எர்ன்ஸ்டு 1612 வரை பேராயர். அவருக்குப் பின் அவர் அண்ணன் மகன் பெர்டினாண்டு. அவருக்குப் பின்னும் அதே குடும்பம். 1761 வரை, 178 ஆண்டுகள், ஐந்து தலைமுறைப் பேராயர்கள், ஒரே பவேரிய வீடு! மணம் கூடாது என்ற பீடம் பரம்பரைச் சொத்தாயிற்று. தந்தை மகன் முறை இல்லாவிட்டால் என்ன, சிற்றப்பன் மகன் முறை இருக்கிறதே! அந்தப் பெர்டினாண்டின் ஆட்சியிலே சூனியக்காரர் என்ற பெயரால் எளியோர் பலர் எரிக்கப்பட்டனர். 1618-இலே மூண்ட முப்பதாண்டுப் போர் இந்தச் சிறு தீயின் பெரிய உடன்பிறப்பு.

தோற்றவருக்குக் கல்லறை, தேவாலயத்துக்குள்ளே. வென்றவருக்கு அரியணை, ஐந்து தலைமுறைக்கு. தளபதிக்கு மந்திரித்த வாள். கோடஸ்பெர்க் ஊரானுக்கு, வெர்ல் ஊரானுக்கு, யுங்கர்ஸ்டார்ப் வழியிலே விழுந்தவனுக்கு? வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. செலவுப் பக்கம் நிரம்பி வழிகிறது.

நாம் கேட்பது

சமயத்தை நாம் இங்கே எடைபோட வரவில்லை. ஒருவன் மரியாளை வேண்டுவான், ஒருவன் வேண்டமாட்டான்; ஒருவன் அப்பத்திலே இறைவனைக் காண்பான், ஒருவன் அடையாளம் என்பான். அது அவனவன் உள்ளத்தின் உரிமை. நாம் எதிர்ப்பது, அந்த உள்ளத்துக்கும் ஊரின் நிலவரிக்கும் போடப்பட்ட முடிச்சை. நம்பிக்கை நிலப்பத்திரமாக மாறிய நாளிலே, மாற்று நம்பிக்கை திருட்டுக் குற்றமாக மாறுகிறது. வழிபாட்டுத் தலைவன் வரி வாங்கினால், வழிபாடு மாறும்போதெல்லாம் வரிக்காகப் போர் வரும். கொலோன் நாட்டுக் கொடுமைக்கு வேர் கெபார்டின் காதலும் அன்று, எர்ன்ஸ்டின் பேராசை மட்டுமும் அன்று. கோலையும் வாளையும் ஒரே கையிலே கொடுத்த ஏற்பாடு அது. கெபார்டு இல்லாவிட்டால் இன்னொருவர். எர்ன்ஸ்டு இல்லாவிட்டால் வேறொருவர். நாற்காலி இருக்கும்வரை அதில் அமரப் போட்டியிடுவோரும் இருப்பர்.

இதனை அந்த மண்ணே பின்னர் உணர்ந்தது. பிரெஞ்சுப் படை 1794-இல் ரைன் கரையை அடைந்தபோது பேராயரின் ஆட்சி குலைந்தது. 1803-இல் ஜெர்மானிய ஆயர் அரசுகள் சட்டப்படி கலைக்கப்பட்டன. கெபார்டு மணம் புரிந்த, படைகள் மூன்று முறை கைமாற்றிய அதே பான் நகரிலே, 1949 மே மாதத்திலே, புதிய ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் வெளியிடப்பட்டது. நம்பிக்கையின் உரிமையும் மனச்சான்றின் உரிமையும் மீறத்தகாதவை என்று அதன் நான்காம் பிரிவு உரைக்கிறது. அந்த ஒரு வரிக்கு ரைன் கரைச் சிற்றூர்கள் முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விலை கொடுத்துவிட்டன. விலை கொடுத்தவர் பெயர் அதிலே இல்லை.

அங்கே செல்வோர் கோடஸ்பெர்க் குன்றின் மேலே இன்றும் நிற்கும் இடிந்த கோட்டையைப் பார்ப்பர், படம் எடுப்பர், யார் முற்றுகையிட்டார், யார் வெடிவைத்தார் என்று கேட்டறிவர். குன்றின் கீழே இருந்த வீடுகளைப் பற்றியும் கேட்கட்டும். எந்த நாட்டிலாயினும், எந்தச் சமயத்தின் பெயராலாயினும், பீடத்தில் இருப்பவர் 'நம்பிக்கைக்கு ஆபத்து' என்று முரசறையும்போது, மக்கள் முதலிலே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஆபத்து எங்கள் நம்பிக்கைக்கா, உங்கள் நாற்காலிக்கா? அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு அன்று அந்த ஊர்களுக்கு இருந்திருந்தால்கூட, விடை சொல்ல வேண்டியவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். இன்று கேட்க நமக்கு வாயும் உண்டு, வாக்கும் உண்டு. கூரையிலே தீ பற்றுமுன் கேட்போம்!